தோள்பையோடு இலங்கை மலையகம்: ஏழு நாள், தனியாக. வழி சொல்லுங்கள்

தூரத்துமலை:

அனைவருக்கும் வணக்கம். மாசி மாதத்தில் ஏழு நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. இலங்கையின் தேயிலை மலைகளுக்குத் தனியாகப் போகிறேன். இதுவரை போனதெல்லாம் உறவினர் கூட்டத்தோடு வேனில் ஏறி, இறங்கி, சாப்பிட்டு, மறுபடி ஏறிய பயணங்கள். இந்த முறை தோளில் ஒரு பை, ரயில், பஸ், நடை, அவ்வளவுதான். வாடகைக் கார் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

இப்போதைக்கு என் திட்டம்: கண்டியில் ஒரு இரவு. அங்கிருந்து நேராக ரயிலில் எல்ல போய் நான்கு இரவு. திரும்பும்போது நுவரெலியாவில் ஒரு இரவு. எல்லவில் ஒன்பது வளைவுப் பாலம், எல்லப் பாறை, குட்டிச் சிவனொளிபாதம்.

இது சரியா? எவ்வளவு எடை தூக்கலாம்? குளிர் எப்படி இருக்கும்? சிங்களம் ஒரு சொல்கூடத் தெரியாது. அதுவும் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

பழையபாதை:

நண்பரே, மூன்று முறை போய்வந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், இந்தத் திட்டத்தை மாற்றுங்கள்.

கண்டியில் ஏறி எல்லவில் இறங்க ஆறேழு மணி நேரம் ஆகும். இடையில் அட்டன், தலவாக்கலை, நானுஓயா, பட்டிப்பொல, ஒகியா, அப்புத்தளை, பண்டாரவளை எல்லாம் வந்து போகும். தேயிலை மலையைப் பார்க்கப் புறப்பட்டவர், மலை முழுவதையும் ஜன்னல் வழியாகவே பார்த்து முடித்துவிட்டு, அது தாழத் தொடங்கும் இடத்தில் போய் நான்கு இரவு தங்குவதா? எல்லவின் உயரம் 1,041 மீட்டர்தான். நுவரெலியா 1,868. பட்டிப்பொல நிலையத்தைத் தாண்டியதும் ரயில் பாதை 6,226 அடியைத் தொடுகிறது. அங்கே ஒரு பலகையும் இருக்கிறது.

அந்தப் பாதை போடப்பட்டது நம்மைப் போன்றவர்களுக்காக அல்ல. முதலில் காப்பியையும் பிறகு தேயிலையையும் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகப் போட்டார்கள். 1867-இல் கண்டிக்கு ரயில் வந்தது. அதே ஆண்டில்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இரண்டு ஆண்டு கழித்துக் காப்பி இலைகளில் துரு நோய் தென்பட்டது, காப்பித் தோட்டங்கள் அழிந்தன, மலை முழுதும் தேயிலையானது. ரயில் 1885-இல் நானுஓயாவை எட்டியது, 1924-இல் பதுளையை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நிலையங்கள் தோட்டங்களை ஒட்டியே இருக்கின்றன. எந்தச் சிறு நிலையத்தில் இறங்கினாலும் பத்து நிமிட நடையில் தேயிலைக்குள் இருப்பீர்கள். காரில் போகிறவருக்கு இது கிடைக்காது. உங்களுக்குக் கிடைக்கும்.

மாசி நல்ல தேர்வு. தென்மேற்குப் பருவமழை வைகாசியில்தான் அட்டன், நுவரெலியா பக்கம் கொட்டத் தொடங்கும். வடகிழக்கு மழை பதுளைப் பக்கத்தைப் பிடித்துவிட்டு ஓய்ந்திருக்கும். மேற்குச் சரிவில் தேயிலையின் மணம் ஏறும் காலமும் இதுதான்.

என் யோசனை: கண்டி ஒன்று, அட்டன் அல்லது தலவாக்கலை இரண்டு, அப்புத்தளை இரண்டு, எல்ல ஒன்று. நுவரெலியாவை விட்டுவிடுங்கள்.

மாலைநேரம்:

எல்லவை இவ்வளவு எளிதாகத் தள்ள வேண்டாம். நான் ஒரு பெண், முதன்முதலில் தனியாகப் பை தூக்கியது அங்கேதான். விடுதிகள் நிறைய. தனியாக வரும் பெண்கள் நிறைய. இரவு எட்டு மணிக்கும் தெருவில் வெளிச்சம் இருக்கும். புதிதாகப் புறப்படுகிறவருக்கு அந்தத் தைரியம் பெரிய விஷயம்.

பாலத்துக்குக் காலை ஆறு மணிக்கு முன் போங்கள். எஃகு இல்லாமல் கல், செங்கல், சிமெண்டால் கட்டி 1921-இல் முடித்த பாலம். ஆளில்லாத நேரத்தில் அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால்தான் அதன் அளவு புரியும். அடுத்த நிலையமான தெமோதரையில் ரயில் பாதை மலையைச் சுற்றி வளைந்து, அதே நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தில் நுழைந்து போகிறது. அந்த விந்தையை அரை நாள் உட்கார்ந்து பார்த்தவள் நான்.

கெஞ்சிக் கேட்கிறேன், ரயில் கதவில் தொங்கிப் படம் எடுக்காதீர்கள். பாறையும் சுரங்கமும் கைக்கெட்டும் தூரத்தில் வரும். அப்படி உயிரை விட்ட பயணிகள் உண்டு.

ஈரச்சப்பாத்து:

எடைக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். தண்ணீரோடு சேர்த்து 8 கிலோ. அதற்கு மேல் ஒரு கிலோ கூடினாலும் மூன்றாம் நாள் ஏற்றத்தில் முழங்கால் சொல்லும். 40 லிட்டர் பை போதும். பெரிய பை வாங்கினால் அதை நிரப்பத்தான் கை போகும்.

பருத்திச் சட்டை வேண்டாம். மலையில் பருத்தி நனைந்தால் இரண்டு நாளானாலும் காயாது, ஈரத்தோடு போட்டால் உடல் சூட்டை உறிஞ்சிவிடும். சீக்கிரம் உலரும் சட்டை மூன்று, மெல்லிய கம்பளிச் சட்டை ஒன்று, காற்று புகாத மழைச்சட்டை ஒன்று. தடித்த ஒரே ஸ்வெட்டரை நம்பாதீர்கள். ஏறும்போது வியர்க்கும், நின்றவுடன் நடுங்கும், அதனால் அடுக்கடுக்காகக் கழற்றவும் போடவும் முடிய வேண்டும். நுவரெலியாப் பக்கம் இரவில் 10 பாகைக்குக் கீழே போகும்.

பைக்கு வெளியே போடும் மழை உறை முதுகுப்பக்கத்தைக் காக்காது. பைக்குள்ளேயே தடித்த பாலித்தீன் உறை ஒன்றை விரித்து, அதற்குள் துணியை வைத்து முறுக்கி மூடுங்கள். ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்குப் போவதாக இருந்தால் வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள், பாலித்தீன் உறைகளை உள்ளே விட மாட்டார்கள். அன்றைக்கு அதை விடுதியில் விட்டுவிட்டுப் போங்கள்.

அட்டை. ஈரப்புல்லில் நிச்சயம் ஏறும். காற்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள். கடித்துவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள், நெருப்பும் வைக்காதீர்கள். ஒல்லியான முனைதான் வாய். அந்த இடத்தில் நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் கொஞ்ச நேரம் வடியும், பயப்பட வேண்டாம், கழுவிவிட்டு அழுத்திப் பிடியுங்கள்.

தூரத்துமலை:

நன்றி, நன்றி. திட்டத்தை மாற்றிவிட்டேன். எல்லவில் ஒரே இரவு.

இன்னும் இரண்டு கேள்விகள். தேயிலை பறிக்கும் பெண்களோடு நின்று படம் எடுத்துக்கொள்ள ஆசை. யாரிடம் கேட்க வேண்டும்? தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் அறையில் ஒரு இரவு தங்கினால் அவர்கள் வாழ்க்கை புரியும் என்று நினைக்கிறேன். அதற்கு வழி உண்டா?

பிரட்டுக்களம்:

தம்பி, நான் அட்டன் பக்கத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். என் அம்மா முப்பத்திரண்டு வருடம் கொழுந்து பறித்தவர். உங்கள் கேள்வியில் கெட்ட எண்ணம் இல்லை என்று தெரிகிறது. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

காலையில் பிரட்டுக்களத்தில் ஆள் கணக்கு எடுத்து, யார் எந்த மலைக்குப் போவது என்று பிரிப்பார்கள். கொழுந்து மலைக்குப் போகிறவர் அன்றைக்கு இத்தனை கிலோ பறிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு, அது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். அந்தக் கிலோ வந்தால் ஒரு பேர், அதாவது முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி முதுகில் போட்டுக்கொண்டு, செங்குத்தான சரிவில் கால் மாற்றி நிற்கும் பெண்ணை நீங்கள் பத்து நிமிடம் நிறுத்தினால், அந்தப் பத்து நிமிடக் கொழுந்தை அவர் எங்கே போய்ப் பறிப்பார்? நாளுக்கு 1000 ரூபாய் என்ற கோரிக்கை ஆண்டுக்கணக்கில் போராடி 2021-இல்தான் கிடைத்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

படம் வேண்டுமென்றால் கொழுந்து நிறுக்கும் நேரத்துக்குக் காத்திருங்கள். அப்போது கூடையை இறக்கி வைத்து எல்லோரும் கொஞ்சம் நிமிர்வார்கள். பேசுங்கள். உங்களுக்கு எங்கள் மொழி தெரியும், எந்த வெள்ளைக்காரப் பயணிக்கும் இல்லாத வசதி அது. ஊர் எது என்று கேட்பார்கள். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டால், எங்கள் தாத்தாவும் அந்தப் பக்கம்தான் என்று யாராவது சொல்வார்கள். பிறகு படம் எடுக்கலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

லயனைப் பற்றி. ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள், ஒரு குடும்பத்துக்கு ஓர் அறையும் ஒரு சிறு முன்வாசலும். வெள்ளைக்காரன் காப்பிக் காலத்தில் கட்டத் தொடங்கிய முறை அது, இன்றும் முடியவில்லை. வீட்டுக்கும் நிலத்துக்கும் சொந்த உறுதிப் பத்திரம் இல்லாத குடும்பங்கள் இன்னும் ஏராளம். மழைக்காலத்தில் மண்சரிவு எச்சரிக்கை வந்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிறோம். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தைப் பக்கத்தில் மீரியபெத்தை லயன்கள் மண்ணுக்குள் போயின. நீங்கள் தங்கப்போகும் அப்புத்தளையிலிருந்து அது தூரம் இல்லை. ஆறு பேர் படுக்கும் அறையில் ஏழாவதாக ஓர் இரவு படுத்துப் பார்ப்பதால் எது புரியும் என்று எனக்குத் தெரியவில்லை. யாராவது மனதார அழைத்தால் போங்கள், ஒரு பிளேன்டீ குடியுங்கள், ரொட்டியும் சம்பலும் கொடுத்தால் சாப்பிடுங்கள். இரவுக்கு டவுனுக்குத் திரும்பிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. 1948-இல் எங்கள் மக்களின் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964 ஒப்பந்தத்தில் எத்தனை பேர் அங்கே, எத்தனை பேர் இங்கே என்று இந்திய, இலங்கை அரசுகள் இரண்டும் பங்கு பிரித்தன. 2003-இல் வந்த சட்டம்தான் மிச்சமிருந்தவர்களுக்கும் வழி செய்தது. "நீங்கள் எப்போது இந்தியாவிலிருந்து வந்தீர்கள்?" என்று மட்டும் யாரையும் கேட்காதீர்கள். நாங்கள் மலையகத்தவர். வந்து இருநூறு வருடம் ஆகிறது. 2023-இல் அதை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, எங்கள் முன்னோர் நடந்த வழியில் நடந்தார்கள்.

மாலைநேரம்:

ஆசிரியை அவர்களே, ஒரு சந்தேகம். நான் போனபோது படத்துக்குப் பணம் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள். அது அவர்களுக்கு ஒரு வருமானம்தானே? அதையும் தவறு என்று சொல்லிவிட முடியுமா?

பிரட்டுக்களம்:

தவறு என்று சொல்லவில்லை அம்மா. சாலையோரத்தில் அதற்கென்றே நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்டுக் கொடுத்தால் அது அவர்கள் தொழில், அதில் எனக்குக் குறை இல்லை. வேலை மலைக்குள் இறங்கி, தேயிலைச் செடி நிரைக்குள் நுழைந்து, கூடையை வாங்கித் தன் முதுகில் மாட்டிப் படம் எடுப்பதைத்தான் சொல்கிறேன். நிரைகளுக்கு நடுவே கான், அதாவது வடிகால், வெட்டியிருப்பார்கள், தெரியாதவர் கால் வைத்தால் முறியும். மருந்து அடித்த மலையாக இருக்கலாம். செடிக்கடியில் குளவிக்கூடு இருக்கலாம். குளவி கலைந்தால் நீங்கள் ஓடிவிடுவீர்கள், கொட்டு வாங்குவது அங்கே நிற்கும் பெண்கள். குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் செய்தி எங்கள் பத்திரிகைகளில் அடிக்கடி வரும். என் அம்மாவும் ஒரு முறை போயிருக்கிறார்.

மாலைநேரம்:

புரிந்தது. இது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. இனி நிரைக்குள் இறங்க மாட்டேன்.

பழையபாதை:

பெக்கோ நடைபாதையை யாரும் சொல்லவில்லையே. கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி, கலஹா, லூல்கந்துர வழியாக, அப்புத்தளை, எல்ல எல்லாம் சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. 300 கிலோமீட்டருக்கு மேல், 22 பகுதிகள். பழைய தோட்டப் பாதைகளையே இணைத்திருக்கிறார்கள், அதனால் நிரைக்குள் இறங்காமலே தேயிலையின் நடுவே நடக்கலாம். ஏழு நாளில் இரண்டு பகுதி நடந்தாலே பெரிது. எல்லாவற்றையும் தொட ஆசைப்படாதீர்கள்.

அட்டனிலிருந்து சிவனொளிபாதமலைக்கும் போகலாம். டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாதப் பௌர்ணமி வரை பருவம். நல்லதண்ணியில் நள்ளிரவுக்கு மேல் ஏறத் தொடங்குவார்கள். 2,243 மீட்டர், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். சனி, ஞாயிறும் போயா எனும் பௌர்ணமி விடுமுறை நாளும் தவிருங்கள், நகர முடியாது. இறங்கிய மறுநாள் நடை எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

கூடலூர்ப்பிள்ளை:

இந்த இழையை மூன்று நாளாகப் படிக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று தயங்கினேன்.

என் பாட்டி தலவாக்கலைப் பக்கத்து லயன் ஒன்றில் பிறந்தவர். 1971-இல் தலைமன்னாரில் கப்பலேறியபோது அவருக்கு 17 வயது. இராமேசுவரம், மண்டபம் முகாம், பிறகு கூடலூர். தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு தொடங்கிய டான்டீ தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் கொழுந்து. அங்கேயும் லயன்தான். ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு வந்தோம், செடி மாறவில்லை என்பார். திரும்பிப் போனதே இல்லை. இப்போது நடக்க முடிவதில்லை.

தூரத்துமலை அண்ணா, தலவாக்கலையில் இறங்கினால் அந்தத் தோட்டத்தை ஒரு முறை பார்த்துவிட்டு வர முடியுமா? பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். பாட்டி சொல்லும் அடையாளங்கள்: மேட்டில் ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வார்), அதற்குக் கீழே மாரியம்மன் கோயில், கோயிலிலிருந்து இறங்கினால் பீலிக்கரை, அதாவது மலைத் தண்ணீர் வந்து கொட்டும் இடம். காலையில் தப்பு மேளச் சத்தம் கேட்டு எழுந்து பீலியில் தண்ணீர் பிடித்ததைத்தான் அதிகம் சொல்வார்.

தூரத்துமலை:

கட்டாயம் போகிறேன் தம்பி. பெயரை அனுப்புங்கள்.

பிரட்டுக்களம்:

அங்கே போகும்போது முதலில் தோட்ட அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். உறவினர் ஊரைப் பார்க்க வந்தேன் என்று சொன்னால் பெரும்பாலும் தடுக்க மாட்டார்கள். மாசியில் போவதால் எங்காவது மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து நடக்கும். விடிய விடிய ஆடுவார்கள். கேட்டுப் பாருங்கள்.

தூரத்துமலை:

திரும்பி வந்து நான்கு நாள் ஆகிறது. எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

பை 7.8 கிலோ. ஈரச்சப்பாத்து சொன்ன உள்ளுறை என்னைக் காப்பாற்றியது. அப்புத்தளையில் ஒரு மாலை அரை மணி நேரம் பெய்த மழையில் வெளி உறை பயனில்லாமல் போனது, உள்ளே ஒரு துணி நனையவில்லை.

முன்பதிவு டிக்கெட் தீர்ந்துபோய்விட்டதால் அன்றன்று நிலையத்தில் வாங்கி மூன்றாம் வகுப்பில் போனேன். அதனால் ஓரோர் ஊராக இறங்க முடிந்தது. நின்றுகொண்டு போனது இரண்டு மணி நேரம். வடை விற்றவர், பள்ளி மாணவிகள், காய்கறி மூட்டை. சிங்களம் தெரியாததால் ஒரு சிரமமும் வரவில்லை. அட்டனில் தமிழ் மட்டுமே போதுமாக இருந்தது, எல்லவில் ஆங்கிலம். "ஸ்துதி" என்று நன்றி சொல்ல மட்டும் கற்றுக்கொண்டேன்.

சிவனொளிபாதமலை ஏறவில்லை. ஹோர்ட்டன் சமவெளிக்கும் போகவில்லை. வருத்தம் இல்லை. அப்புத்தளையிலிருந்து விடியற்காலைப் பஸ்ஸில் தம்பேதன்னைக்குப் போய், தோட்டப் பாதையில் ஏழு கிலோமீட்டர் ஏறி லிப்டன் இருக்கை என்ற காட்சிமுனை வரை நடந்தேன். எனக்கு எதிரே பள்ளிப் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு முறை ஏறிப் பெருமைப்பட்ட மலையில் அவர்கள் தினமும் ஏறி இறங்குகிறார்கள். உச்சியில் இருபது நிமிடம் தெளிவு. பிறகு கீழிருந்து மூடுபனி எழுந்து வந்து, முதலில் பள்ளத்தாக்கு, பிறகு நிரைகள், கடைசியாக என் கைத்தடி முனை என்று ஒவ்வொன்றாக மறைத்தது. ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வெண்மைக்குள்ளிருந்து கொழுந்துக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது, தமிழில்.

இறங்கும்போது 1890-இல் கட்டிய தம்பேதன்னைத் தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்தேன். மேல்தளத்தில் வாடப் போட்டிருந்த கொழுந்தின் மணம் நாம் குடிக்கும் தேநீரின் மணமே அல்ல, அறுத்த புல்லும் பழமும் கலந்த மணம். ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். எனக்கு உடனே ஆசிரியை எழுதிய கிலோக் கணக்கு நினைவுக்கு வந்தது.

படம் பற்றி: நிறுக்கும் இடத்தில் கேட்டேன். இருவர் சரி என்றார்கள், ஒருவர் வேண்டாம் என்றார். அந்த மூன்றாமவரோடுதான் அதிக நேரம் பேசினேன்.

கூடலூர்த் தம்பி, உங்கள் தோட்டம். அலுவலகத்தில் சொன்னேன், ஒரு பெரியவரைத் துணைக்கு அனுப்பினார்கள். ஸ்டோர் மூடிக்கிடக்கிறது, கூரைத் தகடுகள் இல்லை. மாரியம்மன் கோயிலுக்குப் புதுக் கோபுரம் எழுப்பியிருக்கிறார்கள். லயன்களில் ஒன்று இடிந்திருக்கிறது, இரண்டில் ஆட்கள் இருக்கிறார்கள், பக்கத்தில் சில தனி வீடுகள் வந்திருக்கின்றன. எல்லாவற்றையும் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பிவிட்டேன். பாட்டியின் அப்பா பெயரைச் சொன்னேன். பெரியவர் வெகுநேரம் யோசித்தார். நினைவில்லை என்றார், அதற்காக என்னிடம் வருத்தம் தெரிவித்தார்.

கூடலூர்ப்பிள்ளை:

அண்ணா, நேற்று இரவு பாட்டிக்குப் படங்களைக் காட்டினேன். கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். ஸ்டோரைப் பார்த்து, இது வேறு இடம், எங்கள் ஸ்டோர் பெரியது என்று சொல்லிவிட்டார். லயன் படத்தை நெடுநேரம் கையில் வைத்திருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. படுக்கப் போனவர் திரும்பி வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். பீலியில் தண்ணீர் வருகிறதா என்று.

அந்தப் படம் மட்டும் இல்லை. பார்த்தீர்களா?

தூரத்துமலை:

பார்த்தேன் தம்பி. கைகள் இரண்டும் ஈரமாக இருந்ததால் படம் எடுக்கவில்லை. கோயிலிலிருந்து இறங்கும் வழியில் மூன்று அட்டைகள் கடித்திருந்தன. கால்களை அந்தப் பீலியில்தான் கழுவினேன். தண்ணீர் நன்றாக வருகிறது, பல் கூசும் குளிர். எனக்கு முன்னால் ஒரு சிறுமி குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். பாட்டியிடம் சொல்லுங்கள்.